டிடெக்டிவ் லைசென்ஸ் எங்கே வாங்குவது? தமிழ்நாட்டில் துப்பறியும் தொழில் தொடங்க முழு வழிகாட்டி

டிடெக்டிவ் ஆக லைசென்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் ஒன்றுதான்: இந்தியாவில் அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. மத்திய அரசு தருவதில்லை, தமிழ்நாடு அரசு தருவதில்லை, கமிஷனர் அலுவலகத்தில் போய் நின்றாலும் கிடைக்காது. 'அரசு அங்கீகாரம் பெற்ற துப்பறியும் நிறுவனம்' என்று போர்டு மாட்டியிருப்பவர்களிடம் இருப்பது வேறு ஏதோ ஒரு காகிதம். அது என்ன, உங்களுக்கு உண்மையில் எந்தெந்தக் காகிதம் வேண்டும், லைசென்ஸே இல்லாத இந்தத் தொழிலில் எங்கே கால் வைத்தால் வழக்கு வரும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் சட்ட நிலவரம்

தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் இந்தத் தொழில் செய்யக் கூடாது, அதை வழங்க மத்தியிலும் மாநிலங்களிலும் வாரியங்கள் அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிலைக்குழுவுக்குப் போனது. சட்டமாகவில்லை. அதனால் இன்றைக்கும் இது யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய தொழில்தான்.

குழப்பத்துக்குக் காரணம் இன்னொரு சட்டம். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. தொழிலில் இருப்பவர்கள் 'பசாரா' என்பார்கள். செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு இதன் கீழ் லைசென்ஸ் கட்டாயம். ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000 என்று கட்டணம். ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் இது ஆளையோ சொத்தையோ காவல் காக்கும் வேலைக்கு மட்டுமே. விசாரணை வேலை இதன் வரையறைக்குள் வரவே வராது. 'டிடெக்டிவ் அண்டு செக்யூரிட்டி சர்வீசஸ்' என்று பெயர் வைத்து, வாட்ச்மேன் அனுப்ப வாங்கிய லைசென்ஸைக் காட்டி 'அரசு லைசென்ஸ் உள்ள டிடெக்டிவ்' என்று விளம்பரம் செய்தால், சொல்வதில் பாதிதான் உண்மை. நீங்கள் காவலாளிகளை அனுப்பப் போவதில்லை என்றால் பசாரா பக்கமே போக வேண்டாம். அனுப்பப் போகிறீர்கள் என்றால் அது இல்லாமல் ஒரு நாள்கூட நடத்த வேண்டாம். ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதையே 'டிடெக்டிவ் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களுக்கும் பொருத்திப் பாருங்கள். பயிற்சி நிலையம் தரும் சான்றிதழும் உறுப்பினர் சங்கம் தரும் அட்டையும் லைசென்ஸ் ஆகாது. பயிற்சியாக அதற்கு மதிப்பு இருக்கலாம், சட்டத்தின் முன் கிடையாது.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. கலிஃபோர்னியாவில் சம்பளத்துக்குச் செய்த விசாரணை வேலையில் 6,000 மணி நேர அனுபவம் காட்டி, கைரேகைப் பரிசோதனை முடித்து, இரண்டு மணி நேரத் தேர்வு எழுதினால்தான் லைசென்ஸ். சட்டமோ காவல் அறிவியலோ பட்டப்படிப்பாகப் படித்திருந்தால் 4,000 மணி நேரம் போதும். பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருந்தும் துப்பறிவாளர்களுக்கு லைசென்ஸ் முறையை இன்னும் தொடங்கவில்லை. ஆக, நாம் மட்டும் தனியாக நிற்கவில்லை.

படி 1: நீங்கள் இதில் இறங்கலாமா?

கல்வித் தகுதி, வயது, அனுபவம் என்று சட்டம் எதையும் கேட்பதில்லை. ஆனால் சிலருக்குத் தடை உண்டு. அரசு ஊழியர் பணியில் இருந்துகொண்டே பக்கத்தில் இதை நடத்த முடியாது. நடத்தை விதிகள் விடாது. ஓய்வுக்குப் பிறகு தாராளமாகச் செய்யலாம், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் நிறையப் பேர் செய்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத தடை வக்கீல்களுக்கு. பிராக்டிஸில் இருக்கும் வழக்கறிஞர் தானே நேரடியாக ஒரு வியாபாரத்தை நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சட்டம் படித்திருப்பது இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம்தான். ஆனால் கறுப்புக் கோட்டையும் ஏஜென்சி போர்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

படி 2: கற்றுக்கொள்ளுங்கள்

கட்டாயம் இல்லை என்பதால் படிக்காமல் வந்துவிடுகிறார்கள், பிறகு முதல் வழக்கிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். குற்றவியல் படிக்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உண்டு. தடய அறிவியலுக்கு காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம். நிறுவன மோசடி விசாரணைக்குப் போகப் போகிறவர் கணக்குப் படித்திருந்தால், 'சர்டிஃபைடு ஃப்ராடு எக்ஸாமினர்' என்ற சர்வதேசச் சான்றிதழ் பெரிய கம்பெனிகளின் கதவைத் திறக்கும்.

ஆனால் என் கருத்தில் இவை எல்லாவற்றையும்விட ஓர் ஏஜென்சியில் ஓரிரு ஆண்டு களப்பணியாளராக இருப்பதுதான் சிறந்த படிப்பு. வெயிலில் டீக்கடை ஓரம் ஆறு மணி நேரம் நின்று, பார்த்ததை மட்டும் நேரத்தோடு எழுதி, ஊகத்தை எழுதாமல் விடப் பழகுவதற்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. பெண்களுக்கு இதில் நல்ல தேவை இருக்கிறது. பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஓர் ஆண் போய் நின்றால் தெருவே சந்தேகப்படும். ஒரு பெண் போனால் பேச்சு தானாக வரும்.

படி 3: நிறுவனத்தைப் பதிவு செய்தல்

இது மற்ற எந்தச் சிறு தொழிலையும் போலத்தான். தனி உரிமையாளராகத் தொடங்கலாம், கூட்டு நிறுவனமாகவோ எல்.எல்.பி.யாகவோ (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ பதியலாம். கம்பெனிகளிடம் வேலை பிடிக்க நினைப்பவர்கள் பிரைவேட் லிமிடெட் அல்லது எல்.எல்.பி. போவது நல்லது. தனி உரிமையாளரின் பில்லைப் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அவ்வளவாக விரும்புவதில்லை.

பெயர் வைக்கும்போது நிதானம் வேண்டும். 'நேஷனல்', 'சென்ட்ரல்' போன்ற சொற்களைக் கம்பெனிப் பெயரில் வைக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். சி.பி.ஐ. என்று சுருங்கும்படி பெயர் தேடுகிற சாமர்த்தியம் எல்லாம் வேண்டாம்.

பிறகு பான் எண், நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு, சிறு தொழில்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவு. ஆண்டு மொத்த வரவு (லாபம் அல்ல) 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், விசாரணைச் சேவைக்கான குறியீடு 998521, வரி 18 சதவீதம். கம்பெனி வாடிக்கையாளர்கள் ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரிடம் வேலை தரத் தயங்குவார்கள் என்பதால் பலர் முன்கூட்டியே பதிந்துவிடுகிறார்கள். உள்ளாட்சி அமைப்பின் தொழில் வரியையும் மறக்க வேண்டாம். ஆட்களை வேலைக்கு வைக்கும்போது, எண்ணிக்கையைப் பொறுத்துத் தொழிலாளர் துறைப் பதிவும் வருங்கால வைப்பு நிதியும் வந்து சேரும். ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டால் போதும்.

படி 4: அட்டை, லோகோ, வண்டி

உங்கள் நிறுவனமே ஊழியருக்கு அடையாள அட்டை தரலாம். அதில் நிறுவனப் பெயர், ஊழியர் பெயர், படம் போதும். நான்முகச் சிங்கத்தைப் போடக் கூடாது. அரசு இலச்சினையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. காக்கி நிறம், போலீஸ் பாணி பேட்ஜ் எதுவும் வேண்டாம். 'நாங்க கிரைம் பிராஞ்ச்ல இருந்து வர்றோம்' என்று ஒரு தடவை சொன்னாலே பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 204-ஆம் பிரிவு வந்துவிடும்; குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு.

வண்டியில் 'டிடெக்டிவ்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்தொடர்ந்து பார்க்கிற தொழிலில் இருப்பவர் தன் வண்டிக்கே ஊர் முழுக்க அடையாளம் ஒட்டிக்கொள்வது எனக்குப் புரிந்ததே இல்லை. துப்பாக்கி விஷயத்திலும் உங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஆயுதச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

படி 5: வாடிக்கையாளரை முதலில் விசாரியுங்கள்

வருகிறவர் யார், அவருக்கு இந்தத் தகவல் எதற்கு என்று தெரியாமல் ஒரு ரூபாய் முன்பணம்கூட வாங்காதீர்கள். அடையாளச் சான்று, விசாரிக்கப்படும் நபருக்கும் இவருக்கும் உள்ள உறவு, தகவலின் நோக்கம் மூன்றையும் எழுத்தில் வாங்கி, கையெழுத்தோடு ஃபைலில் வையுங்கள். ஒப்பந்தத்தில் என்ன வேலை, எத்தனை நாள், நாள் கட்டணம், பயணச் செலவு யாருடையது, அறிக்கை யாரிடம் மட்டும் தரப்படும் என்று இருக்கட்டும். 'முடிவுக்கு உத்தரவாதம்' என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பான வழியில் தகவல் திரட்ட மாட்டோம் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும், பிற்பாடு உங்களைக் காப்பாற்றும்.

எந்தக் கேஸை எடுக்கக் கூடாது என்பதில் தமிழ்நாட்டில் தொழில் செய்கிறவருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. 'பொண்ணு ஒரு பையனோட போயிடுச்சு, எங்க இருக்காங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல' என்று வருகிற பெற்றோர்கள், மாமன்கள், சாதிச் சங்கத்துக்காரர்கள். பெண்ணுக்கு 18 முடிந்திருந்தால் அந்த முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது யாரையோ கொலைக்களத்துக்குக் கூட்டிப் போவதாக முடியலாம். உடுமலைப்பேட்டையில் 2016-இல் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணந்துகொள்வதில் குடும்பமோ சமூகமோ குறுக்கிட உரிமையில்லை என்று சொல்லிவிட்டது. இந்த வேலையை எடுக்காதீர்கள். ஆள் காணவில்லை என்று உண்மையிலேயே பயந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

பிரிந்துபோன காதலியின் புது முகவரி கேட்கிறவர், குடும்ப வன்முறையால் வீட்டைவிட்டு வெளியேறிய மனைவியைத் தேடுகிறவர் எல்லோரும் இதே வகைதான். பார்க்க ரொம்ப மரியாதையாக இருப்பார்கள்.

படி 6: எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது

தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

செல்போன் அழைப்பு விவரம், தொழில் மொழியில் சி.டி.ஆர். வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பதே இதுதான். தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் புலனாய்வு அமைப்புகளுக்குத்தான், போலீஸில்கூட எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வழியாகவே கேட்க வேண்டும். கம்பெனி ஊழியரையோ காவலரையோ 'கவனித்து' வாங்குவது உங்களுக்கும் அவருக்கும் சேர்த்துக் குற்றம். 2018 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் தாணே போலீஸ் இப்படி சி.டி.ஆர். விற்ற வலைப்பின்னலைப் பிடித்தபோது, கைதானவர்களில் தனியார் டிடெக்டிவ்கள் பலர் இருந்தார்கள்.

அடுத்தது உளவுச் செயலி. கணவரின் போனில் ரகசியமாக ஒன்றை நிறுவித் தரச் சொல்வார்கள். அனுமதியில்லாமல் ஒருவரின் கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறை. மற்றொருவர் போல ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்கி நட்பாகிப் பேச்சுக் கொடுப்பது 66-டி. வங்கிக் கணக்கு இருப்பு, வருமான வரிக் கணக்கு, மருத்துவமனைக் கோப்பு எல்லாவற்றுக்கும் 'உள்ளே ஆள் இருக்கு' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்தொடர்வது பற்றி: பொது இடத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதைப் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். ஆனால் நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண் ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ கண்காணித்தாலே அது குற்றம். அந்தப் பிரிவில் குற்றத் தடுப்புக்கான விலக்கு இருக்கிறது, ஆனால் அது அரசு பொறுப்பு ஒப்படைத்தவர்களுக்கு. உங்களுக்கு யாரும் ஒப்படைக்கவில்லை. வீட்டு வளாகத்துக்குள் நுழைவது அத்துமீறல். ஜன்னல் வழியாக அந்தரங்கத்தைப் படமெடுப்பது 77-ஆம் பிரிவு.

2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னதிலிருந்து நீதிமன்றங்கள் இதையெல்லாம் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. திரட்டிய தகவலை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள், யார் கையில் இருக்கிறது, எப்போது அழிக்கிறீர்கள் என்பதற்கு இப்போதே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: திறந்திருக்கும் கதவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

திருட்டு வழி தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேர்வழியில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாதவர்கள். சொத்து இருக்கிறதா என்று பார்க்கப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் பட்டா, சிட்டாவை அரசின் மின்சேவைத் தளத்தில் பார்க்கலாம். 'சொந்தமா கம்பெனி வெச்சிருக்கார்' என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அந்தக் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்று தெரியும். வழக்குகளுக்கு ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் வைத்துத் தேடலாம். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள் என்பதால் அப்பா பெயரையும் ஊரையும் ஒப்பிடாமல் எதையும் எழுதிவிடாதீர்கள். மாப்பிள்ளை டாக்டர் என்றால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் உண்மையா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே கட்டணம் கட்டிக் கேட்கலாம்.

மீதிக்கு ஆட்களிடம் பேசுவதுதான். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடைக்காரர், முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். கல்யாணத்துக்கு முன் 'விசாரிப்பது' நம் ஊரில் என்றைக்கும் உள்ள பழக்கம். அதையே கூலிக்குச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். பொய் வேடம் போடாமல் 'சம்பந்தம் விஷயமா விசாரிக்க வந்தோம்' என்றாலே பாதிப் பேர் பேசிவிடுவார்கள்.

படி 8: நீதிமன்றத்தில் நிற்கும்படி வேலை செய்யுங்கள்

2018 செப்டம்பரில் ஜோசப் ஷைன் வழக்கோடு தகாத உறவு குற்றம் என்ற நிலை போய்விட்டது. ஆனால் விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான். எனவே போலீஸ் தலையிடாது, நிரூபிக்கும் பாரம் மட்டும் கணவன் அல்லது மனைவி தலையில். இந்த இடைவெளியில்தான் டிடெக்டிவ்களுக்கு வேலை வருகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி, புகைப்படம், வீடியோ, ஆடியோ எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்யும் தரப்பு நிரப்ப வேண்டும், மற்றொன்றை நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) எழுத வேண்டும். ஆகவே படமெடுத்த உடனே மூலக் கோப்பைத் தொடாமல் தனியே எடுத்து வைத்து, ஹாஷ் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் கதை முடிந்தது. அது சுருக்கப்பட்ட வேறொரு கோப்பு.

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்கம் உண்டு என்றது. 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், தம்பதியர் தமக்குள் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் ஏற்கலாம் என்றது. இரண்டாவதைப் படித்துவிட்டு எல்லாம் அனுமதி என்று துள்ளுகிறவர்கள் உண்டு. அந்த வழக்கு கணவர் தானே கலந்துகொண்ட பேச்சைப் பற்றியது. மூன்றாம் மனிதரான நீங்கள் இருவர் பேச்சை ஒட்டுக்கேட்கலாம் என்று அதில் எங்கும் இல்லை.

அறிக்கையை எப்போதும் கூண்டில் நின்று வாசிக்கப்போகிற மாதிரி எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார் பார்த்தது, என்ன பார்த்தது. 'இருவரும் ஓட்டலுக்குள் 2.10-க்கு நுழைந்தனர், 4.35-க்கு வெளியே வந்தனர்' என்று எழுதலாம். உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடிப்பார். பார்த்த களப்பணியாளரே சாட்சி சொல்ல வர வேண்டியிருக்கும் என்பதால், வேலைக்கு எடுக்கும்போதே அதற்கு ஒப்புக்கொள்கிறவரை எடுங்கள்.

முதல் வேலைகள் எங்கே கிடைக்கும்?

குடும்ப வழக்கு வக்கீல்களிடமிருந்தும், ஊழியர் பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்களிடமிருந்தும். பின்னணிச் சரிபார்ப்பில் ஊதியம் குறைவு, ஆனால் மாதா மாதம் வரும். அலுவலக வாடகையை அது பார்த்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சந்தேகத்துக்குரிய கிளெய்ம்களை விசாரிக்கத் தங்கள் பட்டியலில் விசாரணையாளர்களைச் சேர்க்கின்றன. அதை 'சர்வேயர்' வேலையோடு குழப்ப வேண்டாம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் லைசென்ஸ் உண்டு, விசாரணையாளருக்கு இல்லை. போலிச் சரக்கைத் தேடிப் பிடிக்கும் டிரேட்மார்க் வேலை நல்ல பணம் தரும், ஆனால் அதற்கு ஊர் ஊராக ஆள் வேண்டும்.

போலீஸ் கூப்பிட்டால்

ஒருநாள் கூப்பிடுவார்கள். நீங்கள் பின்தொடர்ந்தவர் வண்டி எண்ணைக் குறித்துப் புகார் கொடுத்திருப்பார். அன்று உங்களிடம் இருக்க வேண்டியவை: நிறுவனப் பதிவுச் சான்று, வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், களப்பணியாளரின் நாட்குறிப்பு. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; டிடெக்டிவிடம் சொன்னதற்கு அது கிடையாது. நீதிமன்றம் கேட்டால் ஃபைலைக் கொடுத்தாக வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லி, சொன்னதை ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள். ஸ்டேஷனுக்குப் போகும்போது ஒரு வக்கீலோடு போங்கள், மூலக் கோப்புகளைக் கொடுத்தால் பட்டியலிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.